வங்காளதேசத்தின் குழாய்க்கிணறுகளும் ஆசனிக்கு நஞ்சும் – ஒரு வரலாற்று நோக்கு

கங்கை, பிரமபுத்திரா, மேக்னா என்னும் மூன்று பேராறுகள் கொணர்ந்து குவித்த வண்டலினால் ஆயது வங்காளதேசம். மாரிகாலத்தில் அந்நாட்டின் பெரும்பகுதி வெள்ளத்துள் மூழ்கிக் கிடக்கும். எனினும், குடிப்பதற்குகந்த நீர் அந்நாட்டு மக்களுக்கு என்றுமே எளிதிற் கிடைத்ததில்லை. ஊர்க்குளம் ஒன்றே குடிநீருக்கும் குளிப்பதற்கும் பாத்திரங் கழுவுவதற்கும் மாடு குளிப்பாட்டுவதற்கும் உரியதாய் இருந்தது. வயிற்றோட்டமும் வாந்திபேதியும் ஆண்டுதோறும் பச்சிளங் குழந்தைகளை வாரிச் சென்றன. 1817ஆம் ஆண்டில் உலகின் பல பாகங்களுக்கும் பரவத் தொடங்கிய வாந்திபேதிக் கொள்ளைநோய் இவ்வங்கக் கழிமுகத்திலிருந்தே புறப்பட்டது என்பது வரலாற்று மாணவர் அறிந்த செய்தியே.

இத்தகைய நாட்டில் 1970 நவம்பரிற் பெருஞ் சூறாவளி வீசிப் பல இலட்சம் மக்களைப் பலிகொண்டது. அடுத்த ஆண்டிலே விடுதலைப் போர் மூண்டது. போரின் முடிவிற் பிறந்த புதிய அரசுக்கு உணவு, உறையுள், மருந்து, குடிநீர் யாவுமே உடனடித் தேவைகளாயின. ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியம், அந்நாட்டுப் பொதுச் சுகாதாரப் பொறியியல் திணைக்களத்துடன் இணைந்து, குளத்து நீரைக் கைவிட்டுக் குழாய்க்கிணற்று நீரைக் குடிக்குமாறு மக்களைத் தூண்டிய பேரியக்கம் இச்சூழ்நிலையிலேயே வலுப்பெற்றது. குழாய்க்கிணறு அதற்கு முன்னரும் வங்காளத்தில் இருந்ததுதான். ஆயின், அதனை வீட்டுக்கு வீடு காணப்படும் பொருளாக மாற்றியது 1970களிலும் 1980களிலும் நடைபெற்ற வேலைத்திட்டமே எனலாம்.

இக்கிணறு தோண்டப்படும் முறை தனித்துக் கூறத்தக்கது. இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. மூங்கிலாற் சாரங் கட்டி, இரும்புக் குழாயொன்றை நிலத்திற் செங்குத்தாக நிறுத்தி, நெம்புகோல் போன்ற மூங்கிற் கழியினால் அதனை ஏற்றி இறக்குவர். சாரத்தின் மேல் அமர்ந்திருக்கும் ஒருவர், குழாய் மேலெழும்பொழுது அதன் வாயைத் தம் உள்ளங்கையால் அடைத்தும், கீழிறங்கும்பொழுது கையை எடுத்தும் வால்வு போலத் தொழிற்படுவார். சேறும் மணலும் நீரோடு கலந்து குழாயின் வாயால் வெளியே பாயும். மண் இளகியதாதலின் நாலைந்து பேர் ஒரே நாளிற் பல பத்து மீற்றர் ஆழத்தை எட்டிவிடுவர். பின்னர் வார்ப்பிரும்பாலான கைப்பம்பியைப் பொருத்திவிட்டால் கிணறு ஆயத்தம். செலவு குறைவாதலின் இடைத்தரக் குடும்பங்களும் நாளடைவிற் சொந்தமாகக் கிணறு அமைத்துக் கொண்டன. நாடெங்கும் பல பத்து இலட்சமாகப் பெருகிய குழாய்க்கிணறுகளில் அரசும் உதவி நிறுவனங்களும் நிறுவியவை சிறுபகுதியே; ஏனையவை மக்கள் தாமே தம் பணத்தில் அமைத்தவை. முற்றத்திற் கிணறு இருப்பது குடும்பத்தின் மதிப்புக்கு அடையாளமாயிற்று. தண்ணீருக்காகப் பெண்கள் தொலைதூரம் நடக்கவேண்டிய நிலையும் நீங்கியது. பிற்காலத்தில் இக்கிணறுகளைக் கைவிடுமாறு கூறியபோது மக்கள் தயங்கியமைக்குரிய காரணத்தை இங்கேதான் தேடவேண்டும்.

சிறுவர் இறப்பு அந்நாட்டில் 1970களின் பின் பெரிதுங் குறைந்தது. அப்பெருமை முழுவதையும் குழாய்க்கிணற்றுக்கு வழங்குவதற்கில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழி ஊட்டி வயிற்றோட்ட நோயாளரைக் காக்கும் முறை 1968இல் டாக்காவிலிருந்த வாந்திபேதி ஆய்வுகூடத்திற் பரீட்சிக்கப்பட்டு, பின்னர் வீடு வீடாகக் கற்பிக்கப்பட்டது. தடுப்பூசியும் பெண்கல்வியும் தத்தம் பங்கை ஆற்றின. எனினும், நோய்க்கிருமி இல்லாத நீர் என்ற வகையிற் குழாய்க்கிணற்று நீர் குளத்து நீரிலும் மேலானது என்பதில் ஐயமில்லை. 1997அளவில், 2000ஆம் ஆண்டுக்குள் நூற்றுக்கு 80 பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் வழங்குவது என்ற இலக்கைத் தாண்டிவிட்டதாகச் சிறுவர் நிதியம் அறிவித்தது. அவ்வறிவிப்பு வெளியான வேளையில், அந்நீரிற் பெரும்பகுதி நஞ்சு கலந்தது என்ற செய்தியும் வெளிவந்துகொண்டிருந்தது.

ஆசனிக்கு மனிதருக்குப் புதியதொரு நஞ்சன்று. தமிழ் மருத்துவ நூல்கள் வெள்ளைப் பாடாணம் என்று கூறுவது இதன் ஒட்சைட்டையே. கூத்தர் முகத்திற் பூசிய அரிதாரம் என்பதும் ஆசனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சட் கனியமேயாம். இன்று அச்சொல் ஒப்பனைப் பூச்சு அனைத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது. ஒருங்கே பெருமளவில் உண்டவர் சில மணி நேரத்தில் இறப்பர் என்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. ஆனால் நிறமும் மணமும் சுவையும் இன்றி, மிகச் சிறிய அளவில், பல்லாண்டு காலம் நீரோடு உட்செல்லும் ஆசனிக்கு வேறொரு வகையிற் கொல்லும். முதலில் மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற் போன்ற கரும்புள்ளிகள் தோன்றும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து முள்முள்ளாய்ச் சொரசொரக்கும். பின்னர் தோல், சிறுநீர்ப்பை, நுரையீரல் ஆகிய உறுப்புகளிற் புற்றுநோய் உண்டாகும். இவை தோன்ற ஐந்து ஆண்டும் ஆகலாம். இருபது ஆண்டும் ஆகலாம்.

இவ்வுண்மையும் 1970களில் அறியப்படாததன்று. ஆர்ஜென்ரீனாவின் பெல்வில் என்னும் ஊரில் கிணற்று நீரால் உண்டாகிய தோல் நோய் 1913இலேயே விவரிக்கப்பட்டது. தாய்வானின் தென்மேற்குக் கரையில் ஆழ்குழாய் நீரைக் குடித்தவர்களின் கால்கள் கறுத்து அழுகிய நோய் கறுங்கால் நோய் எனப் பெயர் பெற்றது. 40,421 பேரைப் பரிசோதித்து அங்கு நடத்திய ஆய்வு, நீரிலுள்ள ஆசனிக்கு அளவுக்கும் தோற் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பை 1968இல் வெளிப்படுத்தியது. சிலி நாட்டின் அன்ரோபகஸ்ரா நகருக்கு 1958இற் கொண்டுவரப்பட்ட ஆற்று நீரில் லீற்றருக்கு 800 மைக்கிரோகிராமுக்கு மேற்பட்ட ஆசனிக்கு இருந்தமையால், அதனை நீக்கும் நிலையம் 1970இல் நிறுவப்பட்டது. பிரித்தானியரும் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தனர். 1900இல் மான்செஸ்டர் நகரை அண்டிய பகுதிகளிற் பியர் குடித்த ஏறத்தாழ 6,000 பேர் கைகால் மரத்துத் துன்புற்றனர். எழுபது பேரளவில் இறந்தனர். மதுப்பழக்கத்தால் வந்த நரம்புநோய் என்றே வைத்தியர் பலர் முதலிற் கருதினர். பியர் வடிப்பதற்குச் சேர்த்த சர்க்கரை, ஆசனிக்கு கலந்த சல்பூரிக்கமிலத்தினால் ஆக்கப்பட்டது என்ற உண்மை பின்னரே புலனாயிற்று. கெல்வின் பிரபுவின் தலைமையில் அரச ஆணைக்குழு ஒன்று இதனை விசாரித்து, உணவிலும் பானத்திலும் இருக்கக்கூடிய ஆசனிக்குக்கு எல்லை வகுத்தது. உலக சுகாதார தாபனம் குடிநீருக்கு வகுத்த எல்லை 1958இல் லீற்றருக்கு 200 மைக்கிரோகிராமாயும், 1963இல் 50 ஆயும், 1993இல் 10 ஆயும் இறங்கிவந்தது.

எனவே, 50 மைக்கிரோகிராம் என்ற எல்லை நூலில் இருந்தபோதே வங்காளத்துக் கிணறுகள் தோண்டப்பட்டன. அவற்றின் நீரிற் கிருமியையும் உப்பையும் இரும்பையும் சோதித்தவர்கள் ஆசனிக்கைச் சோதித்திலர். ஆசனிக்கு என்பது சுரங்கங்களை அண்டியும் எரிமலை நிலங்களிலும் காணப்படுவது, ஆற்று வண்டலில் அதற்கு இடமில்லை என்ற எண்ணம் அக்காலப் புவிச்சரிதவியலாளரிடையே நிலவியது. இவ்வெண்ணத்தைக் கொண்டு நோக்கின், 1970களில் நேர்ந்த தவறு பொறுக்கத்தக்கதே. அதற்கடுத்து வந்த பத்தாண்டுகளைப் பற்றி அவ்வாறு கூறுதல் இயலாது.

1983 யூலையிற் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் தோல்நோய் வைத்தியர் கே. சி. சாகா, மேற்கு வங்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த நோயாளரின் தோலிற் காணப்பட்ட புள்ளிகளும் தடிப்புகளும் ஆசனிக்கு நஞ்சினால் விளைந்தவை எனக் கண்டார். அவர்கள் குடித்தது குழாய்க்கிணற்று நீர். 1987அளவில் எல்லைக்கு அப்பாலுள்ள வங்காளதேசத்திலிருந்தும் நோயாளர் சிலர் அவரிடம் வந்தனர். நிலத்தின் மேலே வரையப்பட்ட எல்லைக்கோடு நிலத்தின் கீழுள்ள நீருக்குத் தெரியாது என்பது வெளிப்படை. 1988 முதல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்கரவர்த்தி கிராமங்கள்தோறுஞ் சென்று நீரும் மயிரும் நகமுஞ் சேகரித்துச் சோதித்தார். அரசாங்கங்கள் அவர் கூற்றை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. வங்காளதேசத்தின் சப்பாய் நவாப்கஞ்சு மாவட்டக் கிணறுகளில் ஆசனிக்கு இருப்பதை அந்நாட்டுத் திணைக்களம் உறுதிப்படுத்தியது 1993இலாகும். 1995இற் கல்கத்தாவிற் கூடிய அனைத்துலக மாநாட்டின் பின்னரே உலகம் இதனைச் செவிமடுத்தது. டாக்கா சமுதாய மருத்துவமனை 1996 முதல் சக்கரவர்த்தியின் குழுவினருடன் கூடி நாடெங்கும் நோயாளரைத் தேடிக் கண்டது. முதல் நோயாளர் கல்கத்தாவில் இனங்காணப்பட்ட நாளிலிருந்து இதுவரை பத்தாண்டுக்கு மேற்பட்ட காலம் கழிந்தது. அக்காலத்திலேயே புதிய கிணறுகள் மிக விரைவாகப் பெருகின.

நஞ்சு எவ்வாறு நீரில் வந்தது என்பது பற்றி இரு கருத்துகள் மோதின. நீர்ப்பாசனத்துக்காகப் பெருமளவு நீர் இறைக்கப்பட்டமையால் நீர்மட்டம் தாழ்ந்து, காற்றுப் புகுந்து, ஆசனிக்கு கொண்ட இரும்புக் கந்தகக் கனியம் ஒட்சியேற்றம் அடைந்தது என்பது ஒன்று. இதன்படி குற்றம் மனிதருடையது. இமயத்திலிருந்து வந்த மணற்றுணிக்கைகளைப் போர்த்துள்ள இரும்பு ஒட்சைட்டில் ஆசனிக்கு ஒட்டியுள்ளது. புதையுண்ட தாவர எச்சங்களை உண்டு வாழும் பற்றீரியங்கள் ஒட்சிசனற்ற ஆழத்தில் அவ்விரும்பைக் கரைக்கும்பொழுது ஆசனிக்கும் விடுபடுகின்றது என்பது மற்றொன்று. 1998இலும் 2004இலும் வெளிவந்த ஆய்வுகள் இரண்டாவதற்கே வலுவூட்டின. இன்று பெரும்பாலார் ஏற்பதும் அதுவே. அஃதாவது, மனிதர் கிணறு தோண்டுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நஞ்சு அங்கே இருந்தது. ஆழங்குறைந்த, சாம்பல் நிற மணலில் நஞ்சு மிகுதி. பழைய, செம்பழுப்பு நிற மணலில் அது குறைவு. இவ்வேறுபாட்டைக் கிணறு தோண்டுவோர் தம் கையாற் கண்டு, மணலின் நிறம் மாறும்வரை இறங்குவதற்குப் பிற்காலத்திற் பழகிக்கொண்டனர் என்பது சுவையான செய்தி.

1998, 1999 ஆகிய ஆண்டுகளிற் பிரித்தானியப் புவிச்சரிதவியல் ஆய்வு நிறுவனமும் அந்நாட்டுத் திணைக்களமும் 61 மாவட்டங்களில் 3,534 கிணறுகளைச் சோதித்தன. 150 மீற்றருக்குக் குறைந்த ஆழமுள்ள கிணறுகளில் நூற்றுக்கு 27 கிணறுகள் அந்நாட்டு எல்லையான 50 மைக்கிரோகிராமைத் தாண்டின. நூற்றுக்கு 46 கிணறுகள் உலக சுகாதார தாபனத்தின் 10 மைக்கிரோகிராம் எல்லையைத் தாண்டின. மூன்றரைக் கோடி மக்கள் முதலாம் எல்லைக்கு மேற்பட்ட நீரையும், ஐந்தே முக்காற் கோடிக்குச் சற்றுக் குறைவானோர் இரண்டாம் எல்லைக்கு மேற்பட்ட நீரையும் பருகினர் எனக் கணக்கிடப்பட்டது. வரலாற்றில் ஒரு மக்கட்டொகுதிக்கு நேர்ந்த நஞ்சூட்டல்களுள் இதுவே மிகப் பெரியது எனத் தொற்றுநோயியலாளர் 2000இல் எழுதினர்.

உலக வங்கி 1998இல் வழங்கிய 324 இலட்சம் டொலர் கடனைக்கொண்டு கிணறுகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் பெருமுயற்சி நடைபெற்றது. சோதனைப் பெட்டியின் தத்துவம் எளிது: நீரில் அமிலமும் நாகத்தூளும் இட்டால் ஆசனிக்கு வாயுவாக மேலெழும், மேலே பொருத்திய இரச உப்புத் தாளை மஞ்சளாகவோ கபிலமாகவோ அது கறைப்படுத்தும். 2003அளவில் ஏறத்தாழ 50 இலட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டன. நஞ்சுடையதன் வாய்க்குச் சிவப்பும் ஏனையவற்றுக்குப் பச்சையும் பூசப்பட்டன. சோதித்தவற்றுள் நூற்றுக்கு 29அளவிற் சிவப்பாயின. ஆயின் கிணறுகள் ஒருபடித்தாய் இல்லை. ஒரு வீட்டுக் கிணறு நஞ்சாயிருக்க, முப்பது மீற்றர் தொலைவிலுள்ள அயல்வீட்டுக் கிணறு நல்லதாயிருந்தது. இதனாற் பச்சைக் கிணற்றைப் பகிர்ந்துகொள்வதே மிக மலிவான தீர்வாகத் தோன்றியது. டாக்காவுக்குக் கிழக்கேயுள்ள அராய்ஹசார்ப் பகுதியில் ஏறத்தாழ 6,000 கிணறுகளைச் சோதித்த கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர், மக்களுட் பெரும்பாலோர் 100 மீற்றருக்குள் நல்ல கிணறொன்றை அடையக்கூடியவர் எனக் கண்டனர். 100 மீற்றர் என்பது வரைபடத்தில் மிகச் சிறிய தூரமே. பகைகொண்ட வீட்டு முற்றத்துக்கு, நாளுக்குப் பலமுறை, குடத்தோடு ஓர் இளம்பெண் செல்லவேண்டிய தூரமாக அதனைக் கொண்டால் அது சிறியதன்று.

நோயுற்றோரின் துன்பம் உடலோடு நின்றுவிடவில்லை. கையிற் தோன்றிய தடிப்பைத் தொற்றுநோய் எனவும் தெய்வத்தின் சாபம் எனவும் அயலார் அஞ்சினர். சிறுமியர் பாடசாலையை விட்டு நிறுத்தப்பட்டனர். மணமாகாதோர்க்கு மணம் பேச எவரும் வரவில்லை. மணமான பெண்கள் பிறந்தகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டதும் உண்டு. நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்குமாறு முன்னர் கற்பிக்கப்பட்டிருந்தமையால் பலர் கொதிக்கவைத்தனர். கொதித்தலால் நீர் ஆவியாகுமேயன்றி ஆசனிக்கு ஆவியாவதில்லை. எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும்.

பொறுப்பு யாருடையது என்ற வினா இலண்டன் வரை சென்றது. பிரித்தானியப் புவிச்சரிதவியல் ஆய்வு நிறுவனம் 1992இல் மத்திய, வடகிழக்கு வங்காளதேசத்துக் கிணறுகள் 150இன் நீரைப் பகுத்து அறிக்கை வெளியிட்டது. பல மூலகங்கள் அளக்கப்பட்ட அவ்வறிக்கையில் ஆசனிக்கு அளக்கப்படவில்லை. அந்நிலப்பகுதியைச் சேர்ந்த நோயாளர் ஒருவர், நூற்றுக்கணக்கானோரின் சார்பாக, அந்நிறுவனத்தின் மேலதிகாரச் சபை மீது இழப்பீடு கோரி வழக்குத் தொடர்ந்தார். 2003இல் மேல் நீதிமன்றம் வழக்கு நடைபெறலாம் என்றது; 2004இல் மேன்முறையீட்டு மன்றம் பெரும்பான்மையால் அதனைத் தள்ளியது; 2006 யூலை 5இற் பிரபுக்கள் சபையும் தள்ளியது. அந்நாட்டு நீர் வழங்கலின் மீது அதிகாரமோ கட்டுப்பாடோ இல்லாத நிறுவனத்துக்கு, தான் சோதியாத பொருளைப்பற்றி மக்களுக்குக் கடப்பாடு இல்லை என்பது தீர்ப்பின் சாரம். சட்ட நோக்கிற் தீர்ப்புப் பிழையன்று எனலாம். எனினும், 1992இல் அப்பகுப்பாய்வு நடந்தபோது கல்கத்தா வைத்தியரின் கண்டுபிடிப்பு அச்சேறிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை வரலாறு குறித்துக்கொள்ளவே வேண்டும். ஆய்வுகூடங்களுக்கிடையே செய்தி செல்ல எடுத்த காலம், நஞ்சு தோலில் வெளிப்பட எடுத்த காலத்துக்கு ஒப்பானதாய் இருந்தது.

தீர்வுகள் பல முயலப்பட்டன. கிராமத்தார் மூன்று மட்குடங்களை அடுக்கி நீர் வடிக்கும் பழைய முறையைத் தழுவி, இரும்புத் துணிக்கை, மணல், கரி, செங்கற் துண்டு ஆகியவற்றால் அமைந்த வடிகட்டியை அபுல் உசாம் என்ற வங்காள இரசாயனவியலாளர் உருவாக்கினார். அமெரிக்கப் பொறியியற் கழகத்தின் பத்து இலட்சம் டொலர் பரிசு 2007இல் அதற்குக் கிடைத்தது. மழைநீர்த் தொட்டி, மணல்வடியோடு கூடிய குளம், அகழ்கிணறு ஆகியனவும் பரிந்துரைக்கப்பட்டன. 2004இல் வெளியான தேசியக் கொள்கை நிலத்தின் மேலுள்ள நீருக்கே முதன்மை வழங்கியது. ஆனால் மேல்நீருக்குத் திரும்பியவிடத்துக் கிருமியும் உடன் திரும்பிற்று. நடைமுறையில் மக்கள் நாடியது 150 மீற்றருக்கு மேற்பட்ட ஆழ்குழாய்க்கிணற்றையே. அதன் செலவு ஏழைக் குடும்பத்துக்கு எட்டாதது. ஆகவே அரசே அமைக்கவேண்டியதாயிற்று. அமையும் இடத்தைத் தெரிந்தவர் யார் என்பதே அடுத்த வினா. அரச கிணறுகளின் இடங்களுட் பாதியளவைப் பாராளுமன்ற உறுப்பினர் தெரிய இடமளிக்கப்பட்டதால், அவை நஞ்சு மிகுந்த ஊர்களுக்கன்றி வேண்டியவர் முற்றங்களுக்குச் சென்றன என மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2016இல் வெளியிட்ட அறிக்கை காட்டியது. அவ்வாண்டில் ஏறத்தாழ இரண்டு கோடி மக்கள் அந்நாட்டு எல்லையைத் தாண்டிய நீரையே பருகிக்கொண்டிருந்தனர் எனவும் அது கூறியது. 2003இற் பூசிய சிவப்பும் பச்சையும் அதற்குள் மழையில் அழிந்துபோயின. அதன்பின் தோண்டிய கிணறுகளிற் பல சோதிக்கப்படவேயில்லை.

நல்ல கிணற்றைக் கண்டவருக்கும் சோறு எஞ்சியுள்ளது. கோடைப்போக நெற்செய்கைக்குக் குழாய்க்கிணற்று நீரே பாய்ச்சப்படுவதால் ஆசனிக்கு வயலில் ஆண்டுதோறும் படிகின்றது. நீர் தேங்கிய வயலில் ஒட்சிசன் இல்லாமையால் அது கரைந்து நிற்க, சிலிக்காவை உறிஞ்சும் அதே வழியால் நெற்பயிர் அதனையும் உறிஞ்சுகின்றது. அரிசியைக் கழுநீர் தெளியும்வரை கழுவி, ஆறு பங்கு நீரிற் சமைத்து, கஞ்சியை வடித்து நீக்கினால், அரிசியிலுள்ள ஆசனிக்கில் நூற்றுக்கு 57 வரை நீங்குவதாகக் கல்கத்தாவில் நடத்திய ஆய்வொன்று 2006இற் காட்டியது. உலைநீர் நல்ல நீராயிருத்தல் வேண்டும் என்பது இதற்கு நிபந்தனை. தமிழர் வீடுகளிலும் வங்காளர் வீடுகளிலும் நெடுங்காலம் வழங்கிய இவ்வடித்தல் முறை, அளந்த நீரில் முழுதும் வற்றவிடும் புதிய முறையின் முன் மறைந்துவருவது கவனிக்கத்தக்கது. நெல்வயலை விட்டுவிட்டுக் காயவிடுதலும் ஆசனிக்கைக் குறைக்கும். ஆயின் அதற்குப் பாசன நீரைக் கட்டுப்படுத்தும் வசதி வேண்டும்.

அராய்ஹசாரில் 2000 முதல் ஏறத்தாழ 12,000 பேரைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வின் முடிவு 2010இல் வெளிவந்தது. அங்கு நிகழ்ந்த இறப்புகளில் நூற்றுக்கு 21 அளவானவற்றுக்கு 10 மைக்கிரோகிராமுக்கு மேற்பட்ட கிணற்று நீர் காரணம் என அது மதிப்பிட்டது. அன்ரோபகஸ்ராவில் 1970இல் நீர் தூய்மையாக்கப்பட்ட பின்னரும் நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களால் நேர்ந்த இறப்புகள் பல பத்தாண்டுகள் வரை மிகுந்தே காணப்பட்டன. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் அந்நீரைப் பெற்றவர்கள் நடுத்தர வயதில் இறந்தனர். வங்காளதேசத்திற் கிணறுகள் மிக விரைவாகப் பெருகிய 1980களிலும் 1990களிலும் பிறந்தவர்கள் அவ்வயதை இப்பொழுதே எட்டிக்கொண்டிருக்கின்றனர்.